ஞாயிற்றுக்கிழமை ஓடாத யந்திரம்

டொலீனாவின் அப்பாவுக்கு ஆண் பிள்ளை ஆசை. டோனல் என்று பெயரைக்கூடத் தயாராக வைத்திருந்தார். பிறந்தது பெண். வைத்த பெயரை வீணாக்குவானேன் என்று வாலை மட்டும் மாற்றி டொலீனா ஆக்கிவிட்டார். அட்லாண்டிக் கடலில் இருக்கிற அந்த லூயிஸ் தீவில் இப்படி வால் மாற்றிய பெண்கள் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் முதல் பாடம். ஓய்வுநாளான ஞாயிறன்று ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது என்பது இரண்டாவது. சனிக்கிழமை இருட்டியதும் அப்பா தன் சைக்கிளின் செயினைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், மறுநாள் யாராவது மறதியில் ஏறிவிடக் கூடாதே என்று. திங்கட்கிழமை காலையில் கை நிறையக் கிரீஸோடு அதைத் திரும்ப மாட்டுவார். அந்த வேலையை அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

இந்த இரண்டு பாடங்களையும் எழுபது வயது வரை டொலீனா சிரமமில்லாமல் சுமந்துவந்தாள். ஞாயிறுக்கான உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துத் தண்ணீரில் போட்டுவிடுவாள். ஆட்டுக்கறி சூப்பும் அன்றே கொதித்துவிடும். கொடியில் ஒரு கைக்குட்டைகூட மிஞ்சாது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை இரண்டு கூடை கொண்டுவந்து அடுப்போரம் அடுக்கிவிட்டால், மறுநாள் நெருப்பு தன்பாட்டுக்கு எரியும். நெருப்பு எரிவது வேலை இல்லை. அது அதன் குணம்.

புருஷன் ஃபின்லேயின் நெஞ்சுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஃபின்லே மேற்குக் கரை ரோட்டில் பஸ் ஓட்டியவன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் டவுனுக்குப் போகிற கிழங்கள், மாலையில் மறுபடி பிள்ளைகள். ஏறுகிற ஒருவரையும் வம்புக்கு இழுக்காமல் விடமாட்டான். "உள்ள வா, உள்ள வா, வெளிய குளிரு. உள்ள அதைவிடக் குளிரு," என்பான். அந்த பஸ்ஸின் ஹீட்டர் எந்தக் குளிர்காலத்திலும் ஒழுங்காக வேலை செய்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மேட்டில் ஏறும்போது, பிறகு மாடிப்படியில், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. டாக்டர் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தார், உத்தரத்தில் படிந்த புகைக்கறையைப் பார்த்தார். "இந்தப் புகையும் இந்த நெஞ்சும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ண முடியாது. யாரை வெளிய அனுப்பப் போறீங்க?" என்றார்.

அடுப்பைத்தான் அனுப்பினார்கள். குளிர் வீடுகளைச் சரிசெய்யும் திட்டம் ஒன்றுக்கு எழுதிப்போட்டு, காத்திருந்து காத்திருந்து, ஆட்கள் வந்து சேர்ந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஃபின்லே அதற்குள் நெஞ்சில் சளி கட்டி டவுன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். வந்தவர்கள் பரண் முழுக்கப் பஞ்சு பரப்பினார்கள். சுவர்களுக்கு உள்பக்கம் பலகை அடித்தார்கள். கடலைப் பார்த்த முன்னறையின் கற்சுவர் மட்டும் ஈரம் ஊறிக் கிடந்ததால், காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். புகைபோக்கியை மூடினார்கள். சாலையோரச் சுவரில், வெளியே, பீரோ போல ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதற்குள் பெரிய விசிறி. ஹீட் பம்ப் என்று பெயர். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள் தருமாம். அட்லாண்டிக்கிலிருந்து அடிக்கிற காற்றில் ஏது சூடு என்று கேட்க டொலீனாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பட்டிக்காட்டுக் கேள்வி என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று விழுங்கிவிட்டாள்.

கிளம்பும்போது மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்னான்: "இதை அடுப்புன்னு நினைச்சுடாதீங்க. ஏத்துறதும் அணைக்கிறதும் கூடாது. ராப்பகலா மெதுவா ஓடிட்டே இருக்கணும், அப்பதான் செலவு கம்மி. நிறுத்தி நிறுத்திப் போட்டீங்கன்னா, பில்லைப் பாத்து நீங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

"சரி," என்றாள் டொலீனா. ஒரு வாரம் அப்படியே ஓடவிட்டாள். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் வீடு மெல்ல மெல்லக் குளிரை மறந்தது. வீட்டுக்குள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். இந்தச் சூட்டை ஃபின்லே இன்னும் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஞாயிறு வந்தது.

சர்ச் வாசலில் பக்கத்து வீட்டு வானொலி டோனல் நின்றிருந்தான். ஊரில் டோனல்கள் நிறைய என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர். செய்தி எதுவானாலும் முதலில் ஒலிபரப்பாவது இவன் வாயில்தான்.

"ஏ டொலீனா, சுவத்துல ஹெலிகாப்டரைக் கட்டி வெச்சிருக்கியே, கர்த்தருடைய நாள்லகூட அது கெளம்பத் துடிக்குதே! எங்க, பரலோகத்துக்கா? எனக்கும் ஒரு சீட்டு போடு!"

"உன்னை ஏத்தினா அது மேல போவாது டோனல். நேரா கீழதான் போவும்," என்றாள் டொலீனா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் போதகர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. சங்கீதம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் அடியில் விசிறியின் உறுமல் கேட்டது. சர்ச்சுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைத் தாண்டித்தானே வரவேண்டும். எல்லோரும்தானே கேட்டிருப்பார்கள். அடுப்பு எரிந்தால் யார் காதில் விழும்? இது வேலைக்காரனை ஓய்வுநாளில் வாசலிலேயே நிறுத்தி வேலை வாங்குவது போல அல்லவா இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை உருளைக்கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். வெளியே விசிறி நாலு சுற்று தடுமாறி நின்றது. அப்பா சைக்கிள் செயினைக் கழற்றிய சத்தம்போல இருந்தது. மனசு லேசாயிற்று.

திங்கட்கிழமை காலையில் திரும்பப் போட்டாள். ஒன்றரை நாள் பட்டினி கிடந்த மாடு கழுநீர்த் தொட்டிக்குள் தலையை விட்ட மாதிரி, அது மின்சாரத்தை உறிஞ்சித் தள்ளியது. கடையில் பணம் ஏற்றி வாங்கிவந்த மின்சார மீட்டர் கார்டு வாரம் முழுக்க வரும் என்று நினைத்தாள், பாதியில் தீர்ந்தது. கற்சுவர் ஒருதரம் குளிர்ந்துவிட்டால் சுலபத்தில் அறைக்குச் சூட்டை விடாது, தானே குடித்துக்கொள்ளும். வீடு ஒருவழியாக வெதுவெதுப்பாகும்போது வெள்ளிக்கிழமை வந்துவிடும். மறுநாள் சனி. செலவைக் குறைக்க இரவிலும் அணைக்கத் தொடங்கினாள். பகலில் சமையலறையில் மட்டும் இருந்தாள், கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு. எழுதிப்போட்டு வாங்கியது ஏமாற்று வேலையாகப் போயிற்றே என்று யந்திரத்தின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. தன்மேல் வரவில்லை.

டிசம்பரில் ஃபின்லேக்குக் காய்ச்சல் விட்டது. அவனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ரோனா என்று ஒரு பெண் வந்தாள். மேற்குக் கரைக்கு அவள் வருகிற நாள் திங்கட்கிழமை.

ஃபின்லேயால் இனி படி ஏற முடியாது என்பதால் முன்னறையில் கட்டிலைப் போட்டு வைத்திருந்தாள் டொலீனா. புதுப் போர்வை, ஜன்னலில் புதுத் திரை, கையெட்டும் தூரத்தில் ரேடியோ. ரோனா எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு வெப்பமானியை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்தாள். டீ முடிந்ததும் எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று.

"டொலீனா, இது பன்னெண்டு டிகிரி காட்டுது."

"இப்பதான் சூடேறிட்டிருக்கு. புதன்கிழமை வந்து பாரு, எப்படி இருக்குன்னு."

"அவருக்குப் புதன்கிழமை மட்டும் மூச்சு விட்டாப் போதாதே. எப்பவும் பதினெட்டுக்கு மேல இருக்கணும். இல்லன்னா ஒரே வாரத்துல திரும்ப எங்ககிட்டதான் வருவாரு. அப்புறம்..." ரோனா எழுந்தாள். கையால் கற்சுவரைத் தடவிப் பார்த்தாள். விரல் நனைந்தது. "மிஷினை நிறுத்தி நிறுத்திப் போடுறீங்களா?"

"சேச்சே, இல்லையே," என்றாள் டொலீனா.

வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே திடுக்கென்றது. ஓய்வுநாளைக் காப்பாற்றப் போய்த் திங்கட்கிழமையில் பொய். ஆனால் இவள் டவுன்காரி, ஸ்டோர்னோவேயில் வளர்ந்தவள். ஓய்வுநாளுக்காக அணைக்கிறேன் என்று சொன்னால் இன்றைக்கு மாலையே ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

"அப்போ மிஷின்லதான் கோளாறு," என்றாள் ரோனா. "நானே மிஷின் வெச்சவங்களுக்குச் சொல்லிடறேன். பார்க்க ஆள் வர்றதுக்குப் புது வருஷம் ஆயிடும்."

புது வருஷத்தில் ஒருவன் வந்தான். யந்திரத்தைத் திறந்தான், மூடினான். ஒரு குறையும் இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். அடுத்த திங்கட்கிழமை ரோனா வந்தபோது பதின்மூன்று. இந்தத் தடவை அவள் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. டவுன்ல முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியாவுது. நல்ல இடம், எல்லா ரூமும் கதகதன்னு இருக்கும். வர்ற திங்கக்கிழமை கடைசியா ஒருதரம் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா அவரை அங்கதான் அனுப்பணும். வேற வழி இல்ல."

"அங்க போனவங்க யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

ரோனா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை டொலீனா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபின்லே தலையணைகளுக்கு நடுவில் கால்வாசியாக இருந்தான். குரல் மட்டும் பழைய குரல்.

"என்ன, மழையில நனைஞ்ச கோழி மாதிரி வர்றே? இன்னைக்கு பஸ்ல ஹீட்டர் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"பாத்தியா, நான் எறங்கினதும் ரிப்பேர் பண்ணிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த பையை மடியில் வைத்து, அதன் பிடியை முறுக்கிக்கொண்டே முதியோர் இல்லத்துக் கட்டிலைப் பற்றிச் சொன்னாள். ஃபின்லே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மூச்சு துருத்தி போலக் கேட்டது.

"எனக்கு நம்ம வீட்டுல படுக்கணும் டோலி," என்றான். "கடல் சத்தம் கேக்கணும். அவ்வளவுதான். சூடு கூட வேண்டாம்."

அப்போது அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: ஹெலிகாப்டர், சர்ச் வாசல் சிரிப்பு, சனிக்கிழமை சுவிட்ச், ரோனாவிடம் சொன்ன பொய். சொல்லி முடிக்கும்போது ஃபின்லேயின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறான் என்று எழுந்தாள். சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து, ஆக்ஸிஜன் முகமூடியை வைத்து, எடுத்து, எல்லாம் அடங்கிய பிறகு அவன் சொன்னான்:

"அப்போ இத்தனை நாளா என்னை இங்க படுக்க வெச்சிருக்கிறது டாக்டர் இல்ல. வானொலி டோனல்!"

"மெதுவா பேசு, மனுஷா."

"அந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு ஞாபகம் இருக்கா உனக்கு? சேத்துல மாட்டிக்கிட்டு கழுத்தை மட்டும் நீட்டிட்டு நின்னுதே."

"இருக்கு."

"என்ன கெழமை அது?"

அவள் பையின் பிடியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"ஓய்வுநாள். நான் சர்ச் கோட்டோட இடுப்பளவு சேத்துல நின்னேன். கயித்தைப் பிடிச்சு இழுத்தது யாரு? உங்கப்பனா?"

"அது உயிரு, ஃபின்லே."

"ஆமா. ஆட்டுக்கு உயிர் இருந்துது." மூச்சுக்காக நிறுத்தினான். "எனக்கு?"

தேவையின் வேலையும் இரக்கத்தின் வேலையும் ஓய்வுநாளில் தடையில்லை என்று சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்தவள் அவள். ஆட்டுக்குப் பொருந்தியது ஒரு வெள்ளைப் பெட்டிக்கும் பொருந்தும் என்று அவளுக்கு ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. ஆடு கத்தியது. ஃபின்லே கத்தவில்லை. பத்து மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டில் கத்தியது பெட்டிதான்.

அன்று மாலை உருளைக்கிழங்கை உரித்தாள். கையைத் துடைத்தாள். சுவிட்சைத் தொடாமல் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலையில் விசிறி உறுமியது. காற்று வலுத்திருந்ததால் இன்னும் கூடுதலாகவே உறுமியது. சர்ச்சுக்குக் கூட்டிப்போக டோனலின் கார் வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தை உயர்த்திக்கொண்டு போய் ஏறினாள்.

"ஹெலிகாப்டர் மறுபடி கெளம்பிடுச்சு போல?" என்றான் டோனல்.

"ஆமா. ஃபின்லேவை ஏத்திட்டு வர்றதுக்கு."

"அப்படிப் போடு! அவன் வரட்டும், ஊரே தூங்கி வழியுது, வம்பிழுக்க ஆள் இல்லாம." அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அன்றைக்குச் சொன்ன கேலி அவளைக் குத்தியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. டொலீனா பக்கவாட்டில் அவனைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். பேசும் என்று அவள் பயந்த ஊர் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை ரோனா வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள், உதறினாள், மறுபடி பார்த்தாள். பத்தொன்பது. "மிஷினை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றாள் டொலீனா. இந்தத் தடவை அது உண்மை.

வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் அழைத்துவருவதாக முடிவாயிற்று. செவ்வாயன்று முன்னறைச் சுவரைத் தொட்டாள். ஈரம் இல்லை. கட்டில் விரிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அந்த அறை ஜனவரியில் அப்படிக் கதகதப்பாக இருந்ததே இல்லை. டோனலின் பெண்டாட்டி ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தவள், உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க நானே படுத்துக்கலாம் போலிருக்கே," என்றாள்.

புதன்கிழமை விடிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்கள். கஷ்டப்படவில்லை என்றார்கள்.

முடிவானபடியே ஃபின்லே வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். சவப்பெட்டியை நாலு பேர் இறக்கி, முன்னறைக்குள் கொண்டுபோய், கட்டில் இருந்த இடத்தில் வைத்தார்கள். அடக்க வேலை பார்க்கிறவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். சொல்லத் தயங்கினார்.

"டொலீனா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரூம் ரொம்பச் சூடா இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் வெக்கணும் இல்லையா..."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அந்த ரேடியேட்டரை மட்டும் அணைச்சாப் போதும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா நல்லது."

"நானே பாத்துக்கறேன்," என்றாள்.

முன்னறைக்குப் போகவில்லை. நேராகச் சுவிட்சுக்குப் போனாள். வெளியே விசிறி தடுமாறி நின்றது. பிறகு போய் ஜன்னலைத் திறந்தாள். கடல் சத்தம் உள்ளே வந்தது. அவன் கேட்டது அது மட்டும்தானே. சூடு வேண்டாம் என்றும் அவன்தானே சொன்னான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாள் மாலையும் ஊர் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து நாற்காலிகளும் பெஞ்சுகளும் வந்து இறங்கின. சமையலறையில், மாடிப்படியில், நடையில் என்று ஆள் நெருக்கியது. சங்கீதம் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள், பிறகு டீக்கோப்பையும் கையுமாக ஃபின்லேயின் பஸ் கதைகளைச் சொல்லி அடக்க முடியாமல் சிரித்தார்கள். முன்னறையைத் தவிர மற்ற இடமெல்லாம் புழுங்கியது. இத்தனை பேரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தால் யந்திரமே வேண்டியிருக்காது என்று டொலீனாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை நடுப்பகலில் ஆண்கள் முறைவைத்துத் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கல்லறை வரை போவது அங்கே வழக்கமில்லை. சாலை வளைவில் பெட்டி மறையும் வரை வாசலில் நின்றாள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாற்காலிகளும் போயின. அவரவர் வீட்டில் ஞாயிறுக்கான வேலை கிடந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. டோனல் மட்டும் கடைசி பெஞ்சை எடுக்கத் திரும்பி வந்தான். வாசலில் நின்று காதைத் தீட்டினான்.

"என்ன டொலீனா, மிஷின் சத்தமே காணோம்? வீடு சில்லுன்னு கெடக்கு. போட்டுவிடட்டுமா?"

அவன் குரலில் கேலி இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். உன் ஒரு வரிச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை இது என்று. அவன் கை பெஞ்சைப் பிடித்திருந்தது, கல்லறை மண் நகக்கண்ணில் இருந்தது. ஃபின்லேயைக் கடைசியாகத் தூக்கி இறக்கிய கைகளில் அதுவும் ஒன்று.

"வேண்டாம் டோனல். நாளைக்கு ஓய்வுநாள்."

"அதுக்கு? இந்தக் குளிர்ல இது இல்லாம முடியுமா? தப்பே இல்ல. போதகரே சொல்லுவாரு."

"தெரியும்," என்றாள். "சேத்துல ஆடு மாட்டியிருந்தா இழுக்கலாம். இப்ப ஒண்ணும் மாட்டலையே."

டோனலுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று தலையை ஆட்டிவிட்டு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். கூடையிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்து, மேசையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். தண்ணீர் அதற்குள் ஜில்லிட்டுப் போயிருந்தது, விரல் மரத்தது. முன்னறை ஜன்னலை இன்னும் யாரும் மூடவில்லை.